முட்டை, ஜெலட்டின், ஓவன் எதுவும் இல்லாமல் பிஸ்காஃப் சீஸ்கேக்: மே மாத மும்பையில் நிற்குமா?

டோம்பிவிலி தென்றல் | செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் என் பாட்டிக்கு 80 வயது நிறைகிறது. விருந்தில் பால் பாயசம், போளி எல்லாம் உண்டு. ஆனால் பாட்டி என்னிடம் தனியாக ஒன்று கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு வந்த அண்ணன் துபாயிலிருந்து லோட்டஸ் பிஸ்காஃப் பிஸ்கட் கொண்டு வந்திருந்தான். பாட்டி ஒன்றைக் காபியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "பட்டையும் பாகு முறுகின வாசனையும் வருதே, இதுல ஒரு கேக் பண்ணேன்டி" என்றார். அதிலிருந்து இது என் மனதிலேயே இருக்கிறது.

பாட்டி முட்டை தொடமாட்டார். ஜெலட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது, அதுவும் கூடாது. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அதனால் சுடாமல் குளிரவைத்துச் செய்யும் சீஸ்கேக்தான் சரி என்று போன ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் சேர்த்து அடியில் அழுத்தினேன். க்ரீம் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சர்க்கரை போட்டு அடித்தேன். கடையில் கிடைத்த 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் க்ரீமை இருபது நிமிடம் அடித்தும் அது பால் மாதிரியே இருந்தது. சரி, குளிர்ந்தால் இறுகிவிடும் என்று நம்பி ஊற்றி, நான்கு மணி நேரம் வைத்தேன். கேக் டின்னின் பக்க வளையத்தைக் கழற்றியதும் முழுவதும் சரிந்து தட்டில் ஓடியது. அடித்தட்டு மட்டும் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பாட்டிக்குப் பல்செட். அந்த அடியைக் கொடுத்தால் அவரால் கடிக்கவே முடியாது.

எங்கே தப்பு? இன்னொன்று: செய்ததை டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்கு லோக்கல் ரயிலில் கொண்டு போக வேண்டும். மே மாதம். வழி சொல்லுங்கள்.

---

பவாய் பால்மணி | செவ்வாய், இரவு 10.25

வணக்கம் சகோதரி. பதினான்கு வருடமாகப் பால் பொருள் தொழிலில் இருக்கிறேன், அதனால் க்ரீமிலிருந்தே தொடங்குகிறேன்.

சுட்ட சீஸ்கேக்கை முட்டை கட்டி நிறுத்துகிறது. சுடாததை நிறுத்துவது கொழுப்பும் குளிரும்தான். க்ரீமை அடிக்கும்போது உள்ளே போகிற காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு வலை கட்டும். அந்த வலைக்குக் குறைந்தது 30 சதவீதக் கொழுப்பு வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. 25 சதவீத க்ரீம் குழம்பில் ஊற்ற அருமையானது. அடித்து நிறுத்த முடியாது. நீங்கள் இருபது நிமிடம் அல்ல, இரண்டு மணி நேரம் அடித்திருந்தாலும் அது நின்றிருக்காது. அதனால் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

டப்பாவில் 'விப்பிங் க்ரீம்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதில் பால் கொழுப்பில் செய்தது ஒன்று, தாவர எண்ணெயில் செய்தது ஒன்று. எண்ணெய் வகை மும்பை வெயிலிலும் நன்றாக நிற்கும், ஆனால் அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், நாக்கில் மெழுகு போல ஒட்டும். பாட்டிக்கு என்றால் நான் பால் க்ரீமையே எடுப்பேன்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: க்ரீம் சீஸ் அறைச் சூட்டில் இருக்க வேண்டும், விப்பிங் க்ரீம் பனிக்கட்டி போல் இருக்க வேண்டும். நீங்கள் சீஸைக் குளிராக எடுத்ததால் கட்டி கட்டியாக நின்றிருக்கும். இப்போதைய வெயிலில் அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும். க்ரீம் அடிக்கும் பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் உட்காரவைத்து அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்க வேண்டும். நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் திரிந்து வெண்ணெயாகிவிடும்.

---

மாட்டுங்கா மாமி | புதன், காலை 6.15

தென்றல், பாட்டிக்கு என் நமஸ்காரம் சொல்லும்மா.

ஜெலட்டினுக்குப் பதில் சைனா கிராஸ் போடு, அதாவது அகர் அகர், நம் கடல்பாசி. என் பிறந்த வீடு ராமநாதபுரம். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் போய் இந்தப் பாசியைப் பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று அங்கே பெயர். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். சுத்த சைவம், விரதக்காரர்களும் சாப்பிடலாம்.

தூளாக ஒரு தேக்கரண்டி எடுத்து 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, கொதி வந்த பிறகும் இரண்டு நிமிடம் விடாமல் கிளறு. வெந்நீரில் கலக்கினால் மட்டும் போதாது, கொதித்தால்தான் கரையும். இறுகுவதோ 40 டிகிரிக்கு வந்தாலே இறுகிவிடும். அதனால் ஜில்லென்ற சீஸில் ஊற்றினால் நூல் நூலாகத் திரிந்துபோகும். முதலில் இரண்டு கரண்டி சீஸ் கலவையை அகரில் போட்டுக் கலக்கி, பிறகு அதை மீதியில் சேர். எலுமிச்சைச் சாற்றை அகரோடு கொதிக்கவிடாதே, பிடிப்பு போய்விடும். கடைசியில் சேர்த்துக்கொள்.

---

சயான் சமையலறை | புதன், காலை 11.05

க்ரீம் சீஸுக்கு அலைய வேண்டாம் என்று சொல்ல வந்தேன். நாம் இருப்பது மும்பை. ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பைச் செய்வதற்கு மராட்டியர்கள் தயிரைத் துணியில் கட்டி வடித்த சக்காவை டெய்ரியில் எடை போட்டு விற்கிறார்கள். கெட்டியாக, வழுவழுப்பாக, இதமான புளிப்போடு இருக்கும். பத்து வருடமாக இதில்தான் சீஸ்கேக் செய்கிறேன்.

---

பவாய் பால்மணி | புதன், பகல் 1.30

சக்கா ருசியில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முழுவதும் சக்கா என்றால் வளையம் கழற்றி நிறுத்தும் கேக்குக்குப் போதாது. அமெரிக்க விதிப்படி க்ரீம் சீஸில் குறைந்தது 33 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சக்காவில் கொழுப்பு அதைவிடக் குறைவு, தண்ணீர் அதிகம். கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் சாப்பிட முழுச் சக்கா போடலாம். துண்டு போடுவதென்றால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

---

சயான் சமையலறை | புதன், பகல் 2.10

ஒப்புக்கொள்கிறேன், நான் எப்போதும் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் வைப்பேன். வளையம் கழற்றிப் பார்த்ததில்லை. தென்றல், மூன்றில் ஒரு பங்காவது போட்டுப் பாருங்கள். பிஸ்காஃப் இனிப்பு திகட்டாமல் இருக்க அந்தப் புளிப்பு வேண்டும்.

---

டோம்பிவிலி தென்றல் | புதன், இரவு 10.00

எல்லோருக்கும் நன்றி. தப்பு எங்கே என்று இப்போது தெளிவாகிவிட்டது. ஒரு சின்னச் சந்தேகம். பாட்டி வாசனையைப் பிடித்துப் பட்டை என்கிறார். அத்தையோ ஏலக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் இருக்கும் என்கிறார். அடித்தட்டில் நானும் கொஞ்சம் மசாலா சேர்க்கலாமா?

---

செம்பூர் வாசகன் | புதன், இரவு 11.20

உங்கள் பாட்டி சொன்னதுதான் சரி. லோட்டஸ் பிஸ்கட் பாக்கெட்டில் மசாலா என்று எழுதியிருப்பது பட்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் சர்க்கரையும் சர்க்கரைப்பாகும் அடுப்பில் முறுகி வந்த மணம். லோட்டஸ் பேக்கரி 1932-ல் பெல்ஜியத்தில் லெம்பேக்கே என்ற ஊரில் தொடங்கியது. பிஸ்கட், காபி என்ற இரண்டு சொல்லையும் ஒட்டியதுதான் பிஸ்காஃப் என்ற பெயர். பாட்டி காபியில் தோய்த்தது அதன் ஊர் வழக்கமேதான்.

அத்தையும் முழுக்கத் தப்பில்லை. பக்கத்து நாடான நெதர்லாந்தில் இதன் உறவுக்காரன் ஸ்பெகுலாஸ் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கோலஸ் பண்டிகைக்குச் செய்வார்கள். அதில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஏலக்காய் என்று நிறையச் சேரும். டச்சுக்காரர்கள் கையில் அத்தனை மசாலா புழங்கியதில் நம் கரைக்கும் பங்கிருக்கிறது. பழவேற்காட்டில் 1613-ல் அவர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது சோழமண்டலக் கரையின் துணிக்காக. அந்தத் துணியைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளில் கொடுத்துத்தான் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். பழவேற்காட்டில் அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

மசாலா சேர்க்க விரும்பினால் அரைச் சிட்டிகை சுக்குப்பொடி போதும். ஏலக்காய் வேண்டாம், பாயச வாசனை வந்துவிடும். பாட்டி கேட்டது அந்தப் பிஸ்கட்டின் வாசனையை.

---

முலுண்ட் கேக் கூடம் | வியாழன், காலை 8.45

நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். மாமி கோபித்துக்கொள்ளக்கூடாது, இந்த கேக்குக்கு அகர் வேண்டாம் என்பேன்.

ரொட்டியில் தடவிக்கொள்ள விற்கிற பிஸ்காஃப் ஸ்ப்ரெட் புட்டியில் பாதிக்கு மேல், 58 சதவீதம், அரைத்த பிஸ்கட்தான். மீதியில் பெரும் பங்கு எண்ணெயும் சர்க்கரையும். குளிரில் அது தானாகவே கெட்டிப்படும். சரியான க்ரீமும் இந்த ஸ்ப்ரெட்டும் சேர்ந்தாலே நிற்கும். அகர் போட்டால் வாயில் கரையாது, துண்டு துண்டாக உடையும்.

ரயிலில் கொண்டு போக நான் செய்வது இது: ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்து, கிளம்புவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் ஃப்ரீசருக்கு மாற்றுவேன். கல்லாக உறைந்ததைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் சுற்றி வைத்தால், போய்ச் சேரும்போது உள்ளே இன்னும் பாதி உறைந்திருக்கும். அங்கே ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மணி நேரத்தில் வெட்டலாம். அகர் போட்டதை மட்டும் உறையவைக்கக் கூடாது. உருகும்போது தண்ணீர் கசிந்து தட்டில் நிற்கும்.

அடித்தட்டு கல்லானதற்குக் காரணம் வெண்ணெய். மாரி பிஸ்கட்டுக்குச் சொன்ன அளவை இதற்குப் போட்டிருப்பீர்கள். இந்தப் பிஸ்கட்டிலேயே கொழுப்பு நிறைய. 250 கிராம் பாக்கெட்டுக்கு 80 கிராம் உருக்கிய வெண்ணெய் தாராளம். அழுத்தும்போதும் பலத்தைக் காட்ட வேண்டாம்.

---

மாட்டுங்கா மாமி | வியாழன், காலை 9.30

கோபம் என்ன இதில். உறையவைத்தால் கசியும் என்பது உண்மைதான், என் கடல்பாசிப் பாலிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃப்ரீசர் இடமில்லாத வீட்டுக்கு அகர்தான் துணை. தென்றல், இரண்டையும் சின்னக் கிண்ணத்தில் செய்து பாரேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நாள் இருக்கிறது.

---

டோம்பிவிலி தென்றல் | வெள்ளி, இரவு 11.10

செய்து பார்த்துவிட்டேன். நேற்று இரவு இரண்டு சிறிய எவர்சில்வர் கிண்ணங்கள். ஒரே கலவை. ஒன்றில் அகர் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மற்றதில் எதுவும் சேர்க்காமல், இன்று மாலை ஃப்ரீசரில் மூன்று மணி நேரம். இரண்டையும் தட்டில் கவிழ்த்து, மின்விசிறியை அணைத்துவிட்டு மேசையில் வைத்தேன்.

அகர் போட்டது ஒரு மணி நேரம் கழிந்தும் அப்படியே நின்றது, விளிம்பு கூடக் கலையவில்லை. ஸ்பூனை இறக்கியபோது 'டக்' என்று பிளந்தது. வாயில் கொஞ்சம் வழுக்கல். கெட்ட ருசி இல்லை, ஆனால் கடல்பாசி என்று தெரிந்தது. மற்றது அரை மணி வரை கல், முக்கால் மணியில் வெளிப்புறம் மட்டும் பளபளத்தது, ஒரு மணியில் ஸ்பூன் தானாகவே உள்ளே இறங்கியது. நாக்கில் வைத்ததும் கரைந்து, பின்னால் பட்டை வாசனை எழுந்தது. பல்லுக்கு வேலையே இல்லை. பாட்டிக்கு இதுதான்.

மாமி, உங்கள் அளவும் பக்குவமும் அச்சாக வந்தது, ஒரு நூல் கூடத் திரியவில்லை. வேறொரு நாள் இளநீர்ப் புட்டிங்குக்கு அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

---

தாராவி தமிழ் | சனி, காலை 7.50

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்த ஸ்ப்ரெட் கிடைக்கவில்லை, விலையும் கட்டுப்படியாகாது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். மாற்று உண்டா?

---

முலுண்ட் கேக் கூடம் | சனி, காலை 8.30

தாராளமாகச் செய்யலாம். 200 கிராம் மாரி பிஸ்கட்டைப் பொடித்துக்கொள்ளுங்கள். கனமான வாணலியில் நான்கு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரையும் 60 கிராம் வெண்ணெயும் சிறு தீயில் வைத்து, கரைந்து நுரைத்து நிறம் மாறும் வரை கிளறுங்கள். அந்த நிறமாற்றம்தான் பிஸ்காஃப் மணத்துக்கு அடிப்படை, அவசரப்படாதீர்கள், கண்ணையும் எடுக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, பிஸ்கட் பொடி சேர்த்து இறக்குங்கள். பாதியை அடியில் அழுத்துங்கள். மீதி சூடாக இருக்கும்போதே எண்ணெயும் இளஞ்சூடான பாலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிக்ஸியில் அரைத்தால் ஸ்ப்ரெட் போல வரும். பால் சேர்ந்ததால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் வைப்பதென்றால் சக்கா போதும், க்ரீம் சீஸ் வாங்கவே வேண்டாம்.

---

டோம்பிவிலி தென்றல் | சனி, இரவு 10.50

கேக் ஃபிரிட்ஜில் இருக்கிறது. 7 அங்குல, அடி கழன்று வரும் டின்னைக் கிராஃபோர்ட் மார்க்கெட்டில் போன மாதமே வாங்கியிருந்தேன். இன்று போட்ட அளவைப் பின்னால் வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பிஸ்கட் 250 கிராம், வெண்ணெய் 80 கிராம். கலந்ததைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல் நின்று, விரலால் தொட்டால் உதிர வேண்டும். பாட்டி கொடுத்த பழைய டபராவின் அடியால் லேசாக அழுத்தினேன். க்ரீம் சீஸ் 300 கிராம், சக்கா 150 கிராம். சக்காவை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி மேலும் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டேன், அரை டம்ளர் தண்ணீர் இறங்கியது. அந்தத் தண்ணீர் கேக்குக்குள் போயிருக்க வேண்டியது. ஐசிங் சுகர் 50 கிராம், ஸ்ப்ரெட் 200 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெய் உப்புப் போட்டது, அதனால் தனியாக உப்பு இல்லை. விப்பிங் க்ரீம் 250 மி.லி. தனியாக அடித்து, மூன்று தடவையாக, கரண்டியால் கீழிருந்து மேலாகப் புரட்டிக் கலந்தேன். வாங்கிய எல்லா டப்பாவிலும் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் எடுத்தேன்.

நாளை மத்தியானம் மத்திய ரயில்வேயில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். அதனால் எட்டு மணிக்குள் ஸ்லோ லோக்கல் ஏறிவிட வேண்டும். ஃபாஸ்ட் மாட்டுங்காவில் நிற்காது. விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், ஃப்ரீசருக்கு மாற்ற.

---

பவாய் பால்மணி | சனி, இரவு 11.15

மேலே ஊற்றும் ஸ்ப்ரெட்டை மாட்டுங்கா போன பிறகு ஊற்றுங்கள். மைக்ரோவேவில் இருபது விநாடி போதும். சூடாக ஊற்றினால் மேல்பரப்பு உருகிக் குழியும். கரண்டியின் பின்புறத்தில் தொட்டால் சூடே தெரியக்கூடாது.

---

டோம்பிவிலி தென்றல் | ஞாயிறு, இரவு 9.30

நின்றது!

கூட்டம் குறைவு, பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். மாட்டுங்கா வீட்டில் திறந்தபோது வளையத்தில் பனி படிந்திருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வளையத்தைச் சுற்றி ஒரு நிமிடம் வைத்துக் கழற்றினேன். பக்கம் நேராக, ஒரு விரிசல் இல்லாமல் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நூறு கிராம் ஸ்ப்ரெட்டை உருக்கி ஊற்றி, விளிம்பில் பிஸ்கட் தூள் தூவி, ஃபிரிட்ஜில் வைத்தோம்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வெட்டினோம். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்கித் துடைத்து. பாட்டி முதலில் அடித்தட்டை ஸ்பூனால் தட்டிப் பார்த்தார், பிறகு ஒரு ஓரம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பாகு பதம் தெரிஞ்சவன் பண்ணின பிஸ்கட்டுடி இது" என்றார். அப்புறம் இன்னொரு துண்டு கேட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அதனால் பாதித் துண்டோடு அம்மா நிறுத்திவிட்டார்.

உங்கள் எல்லோருக்கும் பாட்டி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். செம்பூர் வாசகன் ஐயா, பழவேற்காட்டுக் கதையைப் படித்துக் காட்டினேன். பாட்டியின் அப்பா பொன்னேரியில் வேலை பார்த்தவராம், சிறுமியாக அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் விளையாடியிருக்கிறாராம். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை.

---

மாட்டுங்கா மாமி | ஞாயிறு, இரவு 9.50

ரொம்ப சந்தோஷம் தென்றல். பாட்டி வீடு எந்தப் பக்கம்? ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கமென்றால் எனக்கு நடக்கிற தூரம்தான். ஒரு நாள் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போகிறேன்.

---

டோம்பிவிலி தென்றல் | ஞாயிறு, இரவு 10.05

கிழக்குப் பக்கம்தான் மாமி. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சாயங்காலம் நாலு மணிக்குக் காபி போடுவார், அப்போது வாருங்கள். இரண்டு துண்டு மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வரை தாங்கும்.